இரண்டு கரண்டி கஞ்சித்தண்ணீர்

அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது 2003 செப்டம்பரில். ஏலக்காட்டில் காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதம். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலப்பக்கம், ஒரு கட்டி. புற்று இல்லை என்று பிறகு தெரிந்தது. அன்று தெரியாது. வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் இருந்த எஸ்டேட் லயத்திலிருந்து ஜீப்பில் குட்டிக்கானம் வந்து, அங்கிருந்து கே.கே. ரோட்டில் மலை இறங்கி, கோட்டயம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு நானும், கம்பத்திலிருந்து வந்த அத்தையும் தங்கினோம். அப்பா வந்து வந்து போனார்.

ஆபரேஷன் திங்கட்கிழமை. கட்டியையும் அதோடு சேர்ந்த குடல் பகுதியையும் எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிட்டோம், எல்லாம் நல்லபடி முடிந்தது என்றார்கள். உண்மையிலேயே நல்லபடிதான் முடிந்திருந்தது. அந்தத் தையலில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "கேஸ் போயோ சேச்சி?" காற்று பிரிந்ததா என்று. அம்மாவுக்கு மலையாளம் நன்றாகப் புரியும், இருபது வருஷம் அந்த மலையில் காய் எடுத்தவள். ஆனால் நாலு ஆம்பளை டாக்டர்கள் சுற்றி நிற்க இப்படி ஒரு கேள்வியா என்று சேலைத் தலைப்பை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றின் நாலு மூலையிலும் வைத்துக் கேட்டார். ஒவ்வொரு இடத்திலும் வெகு நேரம். ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை காலையிலும் அதே கேள்வி, அதே ஸ்டெதஸ்கோப், அதே மௌனம்.

புதன் சாயங்காலம் அத்தை அந்தக் கஞ்சித்தண்ணீரைக் கொடுத்தாள். கேன்டீனில் வாங்கியது. சாதம் வடித்த தண்ணீரில் ரெண்டு கல் உப்பு. இரண்டு கரண்டிதான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பேசும்போது சத்தமே வேறு மாதிரி வந்துகொண்டிருந்தது. வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அத்தைக்குப் பொறுக்கவில்லை.

வியாழன் விடியக்காலை அம்மா வாந்தி எடுத்தாள். பச்சை நிறம். வாழைக்கறை பட்ட துணியைப் பிழிந்தால் வருமே, அந்த மாதிரி கரும்பச்சை. வயிறு மத்தளம்போல விரைத்து நின்றது. மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள், பையில் பச்சைத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. டியூட்டியில் இருந்த டாக்டர் எங்களைப் பார்த்துக் கேட்டார், "யாராவது வாய் வழியா ஏதாவது கொடுத்தீங்களா?"

அத்தை "ஆமா" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. வாந்திக்கு அதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவே இல்லை. காரணம் வேறு என்றும் சொல்லவில்லை. கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மத்தியானம் வந்து சேர்ந்த அப்பாவுக்கு அந்தக் கேள்வியும் பதிலும்தான் போய்ச் சேர்ந்தன. வராந்தாவில் வைத்து, எல்லோர் முன்னாலும், கூடப் பிறந்த அக்காவை அப்பா கேட்ட வார்த்தைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. அத்தை மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காற்று பிரிந்தது, குழாயை எடுத்தார்கள், அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தாள். ஆனால் அப்பத்தா சாகும்வரை "கஞ்சிய ஊத்திக் குடல அடைச்சவ" என்றுதான் பெற்ற மகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை அதன் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

இதை இத்தனை விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. அந்த இரண்டு கரண்டி கஞ்சித்தண்ணீருக்கும் அம்மாவின் குடல் நின்றதற்கும் சம்பந்தம் இல்லை. குடல் அதற்கு முன்பே நின்றுவிட்டது. அதை நிறுத்தியது அம்மாவின் உடம்பிலேயே இருந்த காவல்காரர்கள்.

எனக்கு இது தெரியவந்தது 2019இல், என் சிசேரியனுக்குப் பிறகு. தேனிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. ஆபரேஷன் முடிந்து சில மணி நேரத்தில் நர்ஸ் ஒரு சூயிங்கத்தை நீட்டி, "இத மென்னுக்கிட்டே இருங்கக்கா, முழுங்கிறாதீங்க" என்றாள். வயிற்றைக் கிழித்தவளுக்கு மிட்டாயா என்று அம்மா பதறிப்போனாள். எதற்கு இது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வாய் மென்னா, சாப்பாடு வருதுன்னு குடல் நெனச்சுக்கும். சீக்கிரம் முழிச்சுக்கும்" என்றார். குடல் தூங்குமா என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலில் நோய் எதிர்ப்பு சக்தி என்ற வார்த்தை வந்தது. உயிரியல் பாடம் எடுக்கிறவள் நான். அந்த வார்த்தை அந்த இடத்தில் ஏன் வருகிறது என்று புரியவில்லை. புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தேடித் தேடிப் படித்தேன்.

வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்குப் பிறகு குடல் கொஞ்ச நாள் அசையாமல் கிடப்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடப்பது. மருத்துவத்தில் இதற்கு இலியஸ் என்று பெயர். சிறுகுடல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அசைவை மீட்டுக்கொள்ளும், இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும், பெருங்குடல்தான் கடைசி, இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதனால்தான் காற்று பிரிவதற்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள். கடைசியில் எழுந்திருக்கிறவன் எழுந்துவிட்டான் என்பதற்கு அதுதான் அடையாளம். சிலருக்கு மட்டும் இது நீண்டுகொண்டே போகும். வயிறு உப்பும், பித்தம் கலந்த பச்சை வாந்தி வரும். அம்மாவுக்கு வந்தது இதுதான்.

குடல் ஏன் நிற்கிறது? மயக்க மருந்தால் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் பதில். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 1906இலேயே அமெரிக்காவில் வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர், மர்ஃபி என்பவரோடு சேர்ந்து பூனைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். உணவில் பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்து, எக்ஸ்ரேயில் அது நகர்வதைப் பார்ப்பது கேனனின் வழி. மயக்க மருந்தைவிட, குடலைக் கையால் தொட்டுப் புரட்டுவதுதான் வயிற்றை அதிகம் நிறுத்திப் போடுகிறது என்று அவர்கள் எழுதினார்கள். தொடுவதுதான் காரணம் என்பது நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம். தொட்டால் ஏன் நிற்கிறது என்பதற்குத்தான் வெகுகாலம் அரை பதில்தான் இருந்தது.

அந்த அரை பதில் நரம்பு. தோலையும் வயிற்று உறையையும் வெட்டும்போதே தண்டுவடம் வழியாக ஒரு கட்டளை திரும்பி வந்து குடலை நிற்கச் சொல்கிறது. இது உண்மைதான். ஆனால் வெட்டிய இடத்தைத் தைத்து மூடியதும் இந்தக் கட்டளை அடங்கிவிடும். அப்புறம் ஏன் மூன்று நாள், நாலு நாள், ஆறு நாள்? மீதிப் பதில் குடலின் சுவருக்குள் இருக்கிறது.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குடலின் சுவரில் இரண்டு தசை அடுக்குகள் உண்டு. ஒன்று வளையம் வளையமாகச் சுற்றி ஓடும், இன்னொன்று நீளவாக்கில் ஓடும். இரண்டும் மாறி மாறிச் சுருங்குவதால்தான் நாம் தின்றது முன்னால் நகர்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நரம்பு வலை இருக்கிறது. லியோபோல்ட் ஆவர்பாக் என்ற ஜெர்மானியர் 1862இல் கண்டு சொன்னது, இன்றும் அவர் பெயராலும் வழங்குகிறது. அந்த நரம்பு வலையை ஒட்டி, கைகளை நீட்டிப் படுத்திருப்பதுபோல, ஒரு வகை வெள்ளை அணுக்கள் வரிசையாகக் குடியிருக்கின்றன. மேக்ரோஃபேஜ்கள். பெருவிழுங்கிகள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவேன். விழுங்கும் செல்களை முதலில் கண்டவர் ரஷ்யரான மெச்னிகோவ். 1882இல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்து, காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றிச் செல்கள் கூடி நின்றன. முள் குத்தினால் கூடுவதுதான் அவற்றின் குணம்.

சாதாரண நாளில் குடலின் இந்தப் பெருவிழுங்கிகள் சண்டைக்காரர்கள் இல்லை. பக்கத்து நரம்புகளுக்கு அவை ஒரு புரதத்தைக் கொடுக்கின்றன, அது குடலின் அசைவைச் சீராக வைக்கிறது. பதிலுக்கு நரம்புகள் இவை உயிரோடு இருக்கத் தேவையான வேறொரு புரதத்தைக் கொடுக்கின்றன. எலிகளில் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் காட்டிய ஆய்வு 2014இல் வந்தது. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காவல்காரன் வீட்டுக்காரனுக்கு வெறும் காவல் இல்லை, கூடமாட வேலையும் செய்கிறான்.

இப்போது ஆபரேஷன். கட்டி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் வழியில் இருக்கும் குடலை ஒதுக்க வேண்டும், தூக்க வேண்டும், ஈரத் துணியில் சுற்றி ஓரமாக வைக்க வேண்டும். எவ்வளவு மென்மையான கையாக இருந்தாலும் இது இல்லாமல் முடியாது. ஆனால் அந்தப் பெருவிழுங்கிகளுக்குச் சர்ஜனின் கை, முள் எல்லாம் ஒன்றுதான். காயம் என்று எடுத்துக்கொள்கின்றன. 1990களின் கடைசியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் இருந்த ஆய்வாளர்கள் இதை எலிகளில் தெளிவாகக் காட்டினார்கள். ஈரப்பஞ்சு சுற்றிய குச்சியால் சிறுகுடலை இப்படியும் அப்படியும் மெதுவாக உருட்டினார்கள், அவ்வளவுதான். சில மணி நேரத்தில் பெருவிழுங்கிகள் விழித்துக்கொண்டு, அபாயச் செய்தி சொல்லும் ரசாயனங்களைக் கொட்ட ஆரம்பித்தன. அதைக் கேட்டு ரத்தத்திலிருந்து மேலும் மேலும் வெள்ளை அணுக்கள் தசைக்குள் வந்து நிறைந்தன. இந்தக் கூட்டம் இரண்டு பொருட்களை நிறைய உண்டாக்குகிறது. ஒன்று நைட்ரிக் ஆக்சைடு, இன்னொன்று புரோஸ்டாகிளாண்டின். இரண்டும் தசையைச் சுருங்கவிடாமல் தளர்த்திப் போடுகின்றன. குடல் தசை வீங்கி, தளர்ந்து, ஒன்றும் செய்ய மாட்டாமல் கிடக்கிறது. மனிதர்களிடமும் ஆபரேஷனின் தொடக்கத்திலும் பிறகும் எடுத்த குடல் துணுக்குகளை ஒப்பிட்டு, இதே கிளர்ச்சி நடப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

நேரத்தைக் கவனியுங்கள். இந்த அழற்சி தொடங்குவது தொட்ட சில மணி நேரத்தில். அம்மாவுக்கு ஆபரேஷன் திங்கட்கிழமை காலை. திங்கள் ராத்திரிக்குள் எல்லாம் தொடங்கியிருக்கும். அத்தையின் கரண்டி வந்தது புதன் சாயங்காலம்.

இதில் இன்னொரு புதிர் இருந்தது. சர்ஜன் தொட்டது குடலின் ஒரு பகுதியை. ஆனால் தொடாத இரைப்பையும் தொடாத பெருங்குடலும் சேர்ந்து நிற்கின்றனவே, ஏன்? ஜெர்மனியின் பான் நகரத்து ஆய்வாளர்கள் 2010இல் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். எங்கள் மலையில் யானை இறங்கினால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். யானை நிற்பது ஒரு காட்டில்தான். ஆனால் செய்தி ஜீப்பில் காடு காடாகப் போகும், அன்று எந்தக் காட்டிலும் காய் எடுப்பு நடக்காது. குடலிலும் அப்படி ஒரு ஜீப் இருக்கிறது. பழைய சண்டைகளை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் அவை. தொட்ட இடத்தில் அவை உசுப்பப்பட்டு, அங்கிருந்து கிளம்பி ரத்தத்தில் ஏறி, தொடாத குடலுக்கும் போய் இறங்குகின்றன. அங்கிருக்கும் பெருவிழுங்கிகளையும் உசுப்பிவிடுகின்றன. அங்கேயும் வேலை நிற்கிறது. எலிகளில் கண்டதற்கு ஒத்தாற்போல ஆபரேஷன் முடிந்த நோயாளிகளின் ரத்தத்திலும் இந்தச் செல்களைக் கண்டார்கள்.

இந்த எதிர்ப்பு சக்தியை அந்த நாலு நாளைக்கு மட்டும் அணைத்து வைத்துவிட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. முடியாது. தைத்த குடல் ஒட்டி ஆற வேண்டுமானால் இதே அழற்சி வேண்டும். அதோடு, ரத்தத்திலிருந்து வந்து சேரும் செல்களில் ஒரு பகுதி, குடலுக்குள் வந்தபின் புதிய பெருவிழுங்கிகளாக மாறி, குப்பையைக் கூட்டி, காயத்தை ஆற்றி, அசைவை மீட்டுத் தருகின்றன. பெல்ஜியத்தின் லூவன் நகரத்தில் செய்த ஆய்வில், இந்த வரவைத் தடுத்த எலிகளுக்குக் குடல் தேறுவது இன்னும் தாமதமானது. நிறுத்துகிற கூட்டத்துக்குள்ளேயே எழுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, சூயிங்கத்துக்கு வருகிறேன். மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி வயிற்றுக்குப் போகும் நீளமான நரம்பு ஒன்று இருக்கிறது, வேகஸ் என்று பெயர். இந்த நரம்பைத் தூண்டினால் குடலின் பெருவிழுங்கிகள் அடங்குகின்றன என்று ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2005இல் எலிகளில் காட்டினார்கள். நரம்பு வெளியிடும் அசிட்டைல்கோலின் என்ற பொருள்தான் அந்தத் தட்டிக்கொடுத்தலைச் செய்கிறது. மெல்லும்போதும், வாயில் எச்சில் ஊறும்போதும், உணவு இறங்கும்போதும் வேகஸ் விழிக்கிறது. சூயிங்கம் என்பது உணவு இல்லாமலே அதை விழிக்க வைக்கும் வழி. எல்லா ஆபரேஷனிலும் ஒரே அளவு பலன் தருகிறது என்று சொல்ல மாட்டேன், ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. சிசேரியனில் ஓரளவு தெளிவாகவே பலன் காட்டியிருக்கிறது. காப்பியும் அப்படி. ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் பெருங்குடல் ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை காப்பி கொடுத்துப் பார்த்தார்கள், தண்ணீர் குடித்தவர்களைவிட இவர்களுக்குச் சீக்கிரம் வயிறு இளகியது. 2012இல் வெளிவந்தது.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று 1990களில் டென்மார்க்கில் தொடங்கியது. ஹென்ரிக் கெலெட் என்ற சர்ஜன், ஆபரேஷன் ஆனவரைப் பட்டினி போட்டுப் படுக்க வைக்கும் பழைய வழக்கத்தை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார். மூக்குக் குழாய் எல்லோருக்கும் எதற்கு? சலைன் லிட்டர் லிட்டராக எதற்கு? அளவுக்கு மேல் ஏற்றினால் குடல் சுவரும் சேர்ந்து வீங்குகிறதே. மார்ஃபின் வகை வலி மருந்துகள் குடலைத் தம் பங்குக்கு நிறுத்துகின்றன, அவற்றைக் குறைத்து வேறு வழியில் வலியை அடக்க முடியாதா? அன்றைக்கே உட்கார வைத்து, மறுநாள் நடக்க வைத்தால் என்ன? இன்று உலகம் முழுக்க பல ஆஸ்பத்திரிகளில் இதுதான் முறை. லேப்ராஸ்கோபியில் துளை போட்டுச் செய்யும்போது குடலைத் தொட்டுப் புரட்டுவது குறைவு, அதனால் குடல் சீக்கிரம் தேறுகிறது. இந்தப் புதிய முறையில், குடலை வெட்டித் தைத்தவருக்குக்கூட, பெரும்பாலும் முதல் நாளிலேயே வாய் வழியாக நீராகாரம் தொடங்கிவிடுகிறார்கள்.

நீராகாரம். இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு என்ன அர்த்தம்?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கும்போது ஒளித்துக் கொடுப்பது சரியில்லை. நின்றுபோன குடலின் மேல் மேலும் மேலும் ஊற்றினால் வாந்தி வரும், வாந்தி மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து. அதைவிட, எல்லா உப்புசமும் இந்த வகை இல்லை. தையல் விட்டுக் கசிந்தாலும் குடல் நிற்கும், எங்காவது முறுக்கி அடைத்தாலும் நிற்கும். காய்ச்சல் ஏறுவது, நாடி படபடவென்று அடிப்பது, வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடுவது, விட்டு விட்டுச் சுருட்டிப் பிடிப்பது இதெல்லாம் இருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். வெட்கப்பட்டு இருந்துவிடக் கூடாது. வருஷங்கள் கழித்துக் குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைப்பது வேறு சங்கதி. காயம் ஆறும்போது உண்டாகும் நார் கரையாமல் தங்கிப் பட்டையாக மாறுவது அது. அதிலும் இந்தப் பெருவிழுங்கிகளுக்குப் பங்கு உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். எப்போது வாயில் கொடுக்கலாம், எப்போது நடக்க வைக்கலாம், சூயிங்கம் மெல்லலாமா, வலி மருந்து எந்த வகை என்று. ரவுண்ட்ஸ் வரும்போது நாலு வார்த்தை சொல்லுங்கள் டாக்டர் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. எங்கள் கட்டிலருகே அன்று யாராவது ஒருவர், "இது இப்படித்தான் அம்மா, குடல் சுவரில் வீக்கம், நாலு நாளில் தானே இறங்கும், யார்மேலும் தப்பில்லை" என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிஷம் இல்லாமல் எங்கள் வீட்டில் பதினாறு வருஷம் போயிற்று.

படித்ததையெல்லாம் முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். குழந்தைக்கு மூன்று மாதம். தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பெருவிழுங்கி, டி செல் எல்லாம் சொல்லி முடித்து, அத்தை கொடுத்ததற்கு முந்தியே உன் குடல் நின்றுவிட்டது அம்மா என்றேன்.

"அது எனக்குத் தெரியுமே" என்றாள்.

"எப்படி?"

"செவ்வாக்கிழமையே வயிறு கல்லு மாதிரி ஆயிருச்சு. புதன் காலையில ஏப்பமா வந்துச்சு, கசப்பா. மதினி அந்தத் தண்ணியக் கொடுக்கும்போதே எனக்கு ஓங்கரிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு. ஆனா அவ முகத்தப் பாத்துட்டு எப்படி வேணாங்கிறது? நாக்காச்சும் நனையட்டும்னு வாங்கிக்கிட்டேன்."

"இத ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"யாரு கேட்டா? மூக்குல கொழாயோட கெடந்தேன். நான் எந்திரிச்சு உக்காரும்போது மதினி ஊருக்குப் போயிட்டா. உங்க அப்பா கோவத்துல இருந்தாரு. அப்புறம் அப்புறம்னு போயிருச்சு."

அடுத்த ஞாயிறு நான் மட்டும் கம்பமெட்டு வழியாகக் கம்பம் இறங்கினேன். அத்தை திராட்சைத் தோட்டத்தில் வேலை முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பன்னீர் திராட்சையின் கறை விரல் இடுக்கில் ஊதாவாக ஏறியிருந்தது. அம்மாவிடம் சொன்னதை இன்னும் எளிதாகச் சொன்னேன். யானைக் கதையைச் சேர்த்துச் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும், "அப்ப நான் கொடுத்ததுனால இல்லையா தாயி?" என்றாள்.

"இல்ல அத்த."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

எழுந்து உள்ளே போனாள். வெகு நேரம் வரவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"எத்தன நாளு ராத்திரி நெனச்சிருக்கேன் தெரியுமா? கொன்னுருப்பேனேன்னு" என்றாள்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை, அம்மா சொன்னாள். அவர் ஒன்றும் பதில் பேசவில்லையாம். அந்த வருஷம் முதல் எடுப்புக் காய் காய்ந்து வந்ததும், நல்ல பச்சையாக, பருமனாக இருந்ததை ஒரு கிலோ பொறுக்கி எடுத்துப் பையில் போட்டு, காலையில் ஆள் ஏற்றி வந்துவிட்டுக் கம்பம் திரும்பும் ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் அத்தைதான் எனக்குப் போன் செய்தாள். "ஒங்கப்பன் வந்திருக்கான். சாப்புட்டுக்கிட்டு இருக்கான். கஞ்சிதான் வேணும்ங்கிறான், நான் கோழி அடிச்சு வச்சிருக்கேன், நீ சொல்லு தாயி அவன்கிட்ட."